கழுவாத துணி

கிராபென்பாக், ஆஸ்திரியா
19 அக்டோபர் 2018, வெள்ளி
ரொட்டிப் பெட்டிக்குள்

யார்மிலா அக்கா,

பிரிங்கர் பெரியவருக்கு இன்று காலை காய்ச்சல் இல்லை. 36.4. காதில் வைக்கும் தெர்மாமீட்டர் சொன்னது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை போதாமல் அக்குளிலும் வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது. காலைக் கஞ்சியை முழுவதும் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் நீங்கள், இரண்டு வாரம் நான் என்று மாறி மாறிப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டில் எனக்கு இது இரண்டாவது முறைதான். நீங்கள் நான்கு வருடமாக இருப்பவர். உங்களுக்கு நான் எழுதிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் நீங்கள் வேனிலிருந்து இறங்க, நான் அதே வேனில் ஏற, டிரைவர் ஹாரன் அடிக்க, அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மனிதரை ஒப்படைக்க முடியவில்லை. போன முறை டாக்டர் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்ததைச் சொல்ல மறந்து, எல்லை தாண்டி நம் ஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால் இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பெட்டிக்குள் ஒரு கடிதம் வைக்கிறேன்.

நேற்று என்னைப் பார்த்து, "ரோஸா, நீ என்னடி திடீர்னு இளைச்சுட்ட, சாப்பிடறதில்லையா?" என்றார். செத்துப்போன அவர் மனைவியின் பெயரால்தான் உங்களையும் கூப்பிடுவாராமே. பாவம், ரோஸா இரண்டு வாரம் குண்டு, இரண்டு வாரம் ஒல்லி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் களைப்பாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் பெரியவர் இல்லை. என் மகன் மதூஷை செப்டம்பரில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். ஒரு வயதும் இரண்டு மாதமும். சேர்ந்த இரண்டாம் வாரம் மூக்கு ஒழுகல். அது நின்றதும் கண்ணில் பூளை. பிறகு பேதி. இப்போது மறுபடியும் மூக்கு. என் கணவர் ரஸ்தோவுக்குத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட். காப்பகத்துப் பொறுப்பாளர் சிரிக்கிறார்: "முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தாம்மா. பத்துப் பன்னெண்டு சளி வரும். அப்புறம் பாருங்க, இரும்பாயிடுவான்." இதுவரை நான்கு. இரும்பாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

பெரியவரின் ரத்தப் பரிசோதனை முடிவு செவ்வாய்க்கிழமை வரும். டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன் செய்வார்கள்.

சிமோனா


கிராபென்பாக்
2 நவம்பர் 2018
ரொட்டிப் பெட்டிக்குள்

சிமோனா,

பெரியவருக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல் இல்லை. இதைச் சொன்னது டாக்டர். இருமல் இருக்கிறது. வலது பக்க நுரையீரலில் கரகரப்பு கேட்கிறதாம்; எக்ஸ்ரே எழுதியிருக்கிறார். புதன்கிழமை காலை ஆம்புலன்ஸ் வரும். கம்பளிச் சட்டையைப் போட்டு அனுப்பு, அழகுச் சட்டையை அல்ல. அவர் அழகுச் சட்டையைத்தான் கேட்பார்.

நீ போன இரண்டாம் நாள் தும்மல். மூன்றாம் நாள் காய்ச்சல் 38.9. அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நான் வந்த அன்று அவர் சாய்வு நாற்காலியில் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை, ஓரத்தில் நீலத் தையல் போட்டது, தாடைக்குக் கீழே செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத. இது பாப்பாவோடது."

"எந்தப் பாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? வாசனை இருக்கே."

அவர் தூங்கிய பிறகு எடுத்தேன். ஒரு மூலையில் பச்சைச் சளி காய்ந்திருந்தது. தொண்ணூறு டிகிரியில், கிருமிநாசினி ஊற்றி, இரண்டு தடவை கழுவினேன். உன் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறன்று மகள் வால்ட்ராட் கிராஸ் நகரிலிருந்து வந்தார். எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன். நான் மறைக்கும் ஆள் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அப்பாவுக்கு எண்பத்தெட்டு. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா ஏஜென்சிகிட்ட வேற ஆள் கேட்டுடுவேன்."

தொழிலில் ஒரு வார்த்தை. நாம் இரண்டு வீட்டுக்கு நடுவில் போய் வருகிறவர்கள். கதவைத் தாண்டும்போது ஒரு வீட்டை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும்.

எக்ஸ்ரே முடிவு வெள்ளிக்குள் தெரியும்.

யார்மிலா


கிராபென்பாக்
16 நவம்பர் 2018
ரொட்டிப் பெட்டிக்குள்

மதிப்புக்குரிய யார்மிலா அவர்களுக்கு,

திரு. பிரிங்கருக்கு நிமோனியா இல்லை. மருத்துவமனைக் கடிதம் மேஜைமேல் உள்ளது. இருமல் இரவில் மட்டும். கம்பளிச் சட்டையில்தான் போனார்.

அந்தத் துணி மதூஷுடையது. தூங்கும்போது கன்னத்தோடு வைத்துக்கொள்வான். நான் கிளம்பும் நாளில் அவனிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிட்டு வருவேன். வேனில் எட்டுப் பெண்கள், எல்லோரும் உறங்கிய பிறகு அதை முகத்தில் போட்டுக்கொள்வேன். அதை அவர் கையில் நான் கொடுக்கவில்லை. என் அறையில் இருந்ததை அவராக எடுத்திருக்கிறார். காணவில்லை என்று வேன் முழுக்கத் தேடினேன், வீட்டில் பையைக் கொட்டித் தேடினேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எங்கே என்று தெரிந்தது.

நீங்கள் அதை ஒரு பையில் கட்டி வைத்திருக்கலாம். இப்போது அது ஆஸ்பத்திரித் தரை போல மணக்கிறது. இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் துடைத்தேன்.

மறைக்காதவர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் மறைக்கவில்லை. காய்ச்சல் முடிந்து பிள்ளை காப்பகத்துக்குத் திரும்பும்போது, "தொற்று எதுவும் இல்லை" என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கு மூக்கு ஒழுக ஒழுகப் போட்டேன். எனக்கு முன்னால் வக்கீலம்மா ஒருத்தி நின்றாள். அவள் பெண்ணுக்கு இருமல் தாங்கவில்லை, அவளும் போட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போடாவிட்டால் வேனைப் பிடிக்க முடியாது. வேனைப் பிடிக்காவிட்டால் இந்த வேலை இல்லை. வீட்டை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

பல் வைத்தியர் 22ஆம் தேதி வருவார். கீழ்த்தாடைப் பல்செட்டைப் பார்க்க.

சி. ஹரிச்சகோவா


கிராபென்பாக்
30 நவம்பர் 2018
ஸ்னினாவுக்கு, தபாலில்

சிமோனா,

இன்று காலை வேன் வந்தது. உன் இருக்கை காலி. இதை எனக்குச் சொன்னவர் டிரைவர்; ஜன்னலை இறக்கி, "உங்க ஜோடி வரல. புள்ளைக்கு ஏதோ முடியலையாம்" என்றார். நான் கோட்டு மாட்டி, பெட்டியோடு வாசலில் நின்றிருந்தேன். பெட்டியைத் திரும்ப மாடிக்குத் தூக்கினேன். உன் போன் பிறகுதான் வந்தது, நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நாளை என் வீட்டில் பன்றி அடிப்பு. வருடத்துக்கு ஒரு நாள். தம்பி குடும்பம், பக்கத்து வீடு, எல்லோரும் வருவார்கள். குடல் கழுவி சாசேஜ் திணிப்பது என் வேலை. இந்த வருடம் யார் செய்வார்கள் என்று தெரியவில்லை. பெரிய விஷயம் இல்லை என்பாய். எனக்கு ஐம்பத்தேழு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன, இந்த வீட்டில் ஒரு இரவுகூட இடைவிடாமல் தூங்கியதில்லை. இப்போது இன்னும் இரண்டு வாரம்.

வால்ட்ராட் போன் செய்தார். "நீங்கதான் கூட இருக்கறவங்க. அவளை வெச்சுக்கலாமா, மாத்திடலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். டிசம்பர் 14 அன்று, முறை மாறும்போது சொல்கிறேன் என்றேன். உன் பக்கம் சொல்ல எதுவும் இருந்தால் அதற்குள் எழுது.

பெரியவர், "அந்த ஒல்லி ரோஸா எங்க போனா?" என்று கேட்டார். கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

யார்மிலா


ஸ்னினா
5 டிசம்பர் 2018
கிராபென்பாக்குக்கு, தபாலில்

யார்மிலா அக்கா,

மதூஷின் வலது காதிலிருந்து சீழ் வருவது இன்று நின்றது. குழந்தை டாக்டர் பார்த்துச் சொன்னார். செவிப்பறையில் ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளுமாம், சில வாரம் ஆகுமாம்.

வியாழக்கிழமை நான் பையைக் கட்டி வைத்துவிட்டேன். அவன் அழுதுகொண்டே இருந்தான். ரஸ்தோவின் சித்தி வந்து தண்ணீரில் தீக்குச்சிகளைக் கொளுத்திப் போட்டுப் பார்த்தாள். "மூணும் முழுகிடுச்சு, கண்ணுதான் பட்டிருக்கு, எவளோ ஒரு பொறாமைக்காரி" என்றாள். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட யார் இருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் தலையணை நனைந்திருப்பதைப் பார்த்தேன். காது உடைந்திருந்தது. உடைந்ததும் வலி போய்விட்டது அவனுக்கு. சிரித்தான். வேன் கிளம்பும் நேரத்தில் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

பன்றி அடிப்பு பெரிய விஷயம்தான் அக்கா. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் உண்டு.

என் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது? எதுவும் பெரிய நோய் இல்லை. டாக்டரிடம் போனால் அவருக்கே அலுப்பு: "மறுபடியுமா? ஒண்ணுமில்லம்மா, காப்பகச் சளி." ஒன்றுமில்லாத ஒன்று போய் ஒன்றுமில்லாத இன்னொன்று வருகிறது. பெரிய நோயாக இருந்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள். இதற்கு யாரும் வருவதில்லை. மாமியார் ஜெர்மனியில் நாம் செய்வதைப் போலவே யாரோ ஒரு பாட்டியைக் குளிப்பாட்டுகிறார். ரஸ்தோ பிள்ளைக்கு என்று எடுத்த விடுப்பு தீர்ந்துவிட்டது. ஃபோர்மேன் அவனை "தாதியம்மா" என்று கூப்பிடுகிறாராம். நான் அங்கே இருக்கும் வாரங்களில்தான் காப்பகத்திலிருந்து போன் வருகிறது, "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று. நான் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி பெரியவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விட முடியாது. எங்கள் ஊரில் வேறு வேலை இல்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனால் கெஞ்சவும் தெம்பில்லை. நீங்கள் எது சரி என்று நினைக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். 14ஆம் தேதி கட்டாயம் வருவேன். கிறிஸ்துமஸ் முறையை நானே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வீட்டில் இருங்கள்.

நாளை புனித நிக்கோலஸ் நாள். காப்பகத்தில் பிள்ளைகளுக்கு இனிப்புப் பொட்டலம் கொடுப்பார்கள். மதூஷ் போகப் போவதில்லை. பொட்டலத்தை யாரோ வாங்கி வைப்பார்களாம்.

சிமோனா


கிராபென்பாக்
14 டிசம்பர் 2018
ரொட்டிப் பெட்டிக்குள்

சிமோனா,

பெரியவர் நலம். 36.6. கீழ்ப் பல்செட் பொருந்துகிறது, ஆனால் ஒளித்து வைக்கிறார். சர்க்கரை டப்பாவில் பார்.

வால்ட்ராடிடம் உன்னை மாற்றச் சொல்வதாகத்தான் இருந்தேன். பொய் சொல்ல வேண்டாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். "நான் அங்கே இருக்கும் வாரங்களில்தான்" என்று எழுதியிருக்கிறாய். நீ இங்கே இருக்கும் வாரங்களில் நான் எங்கே இருக்கிறேன்? என் ஊர் ஹுமென்னேயில். உன் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி. இந்த மூன்று மாதமாக நீயும் அதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கிழவருக்குக் கஞ்சி காய்ச்சி ஓய்ந்துபோய் வந்து, டிவியைப் பார்த்துக்கொண்டு, நான்கு நாள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அதற்கு ஓய்வு என்று பெயர்.

என் நம்பரை ரஸ்தோவிடம் கொடு. காப்பகத்திலிருந்து போன் வந்தால் அவன் என்னைக் கூப்பிடட்டும். சில விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது, வக்கீலம்மா போட்டாலும். நான் பாட்டுப் பாட மாட்டேன். திங்கட்கிழமை எனக்கு முழங்கால் சிகிச்சை, அன்று வர முடியாது. பாட்டி என்று யாரும் கூப்பிட வேண்டாம்.

ஒரு மஞ்சள் டப்பா வைத்திருக்கிறேன், சாக்லேட் முட்டைக்குள் பொம்மை வருமே, அது. துளை போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு பூண்டுப் பல்லை நறுக்கி வைத்துச் சட்டையில் ஊக்கால் குத்த வேண்டும். என் பிள்ளைகள் மூன்று பேரும் இதோடுதான் வளர்ந்தார்கள். சளி வரவில்லையா என்று கேட்காதே. வந்தது. மதூஷுக்கு ஒன்று நான் எடுத்துப் போகிறேன், இது உனக்கு.

வால்ட்ராடிடம், "இன்னும் கொஞ்சம் பொறுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, சனவரி 6 அன்று வருகிறார். அன்று முடிவு.

யார்மிலா


ஸ்னினா
27 டிசம்பர் 2018
உன் சமையலறை மேஜைமேல், உப்பு டப்பாவுக்கு அடியில்

சிமோனா,

மதூஷுக்குக் காய்ச்சல் இல்லை. 36.9. தெர்மாமீட்டரைப் பின்பக்கம் வைத்துப் பார்த்தது, அவன் சம்மதிக்கவில்லை. காது காய்ந்திருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, தண்ணீராக. இது புதுசு, வெள்ளிக்கிழமை காப்பகத்திலிருந்து வந்தது. எட்டாவது என்று ரஸ்தோ சொல்கிறான்.

நான்கு நாள் வந்தேன். முதல் நாள் என்னைப் பார்த்து அலறினான். நானும் கிட்டே போகவில்லை, உருளைக்கிழங்கு உரித்தேன். தோலை ஒவ்வொன்றாக என் செருப்புக்குள் போட்டான். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. சூப் சாப்பிடுவான், ஆனால் ஸ்பூன் அவன் கையில் இருக்க வேண்டும். பெரியவருக்கும் இதே வழக்கம்தான் என்பதால் எனக்குப் பழகியது.

கிறிஸ்துமஸ் மாலை இருவரையும் ஹுமென்னேக்கு வரச் சொன்னேன். ரஸ்தோ தனியாக என்ன சமைக்கப் போகிறான்? மதூஷின் நெற்றியில் தேனால் சிலுவை போட்டேன். விரலால் எடுத்து நக்கிவிட்டான். மறுபடி போட்டேன். மறுபடி நக்கினான். என் தம்பி, "அக்கா, நீ சிலுவை போடறியா, சோறு ஊட்டறியா?" என்றான். உன் போன் வந்தபோது மதூஷ் உறங்கிவிட்டான், அதனால்தான் பேசவில்லை. வேறு காரணம் இல்லை.

இப்போது எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. முகமூடி வாங்கியிருக்கிறேன். வால்ட்ராடுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன்: "அதே சளி, அதே புள்ளகிட்டேருந்து, இந்தத் தடவை கொண்டு வரது நான். அவளை மாத்தறதா இருந்தா என்னையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிக்குங்க." அவர், "ஆறாம் தேதி பேசலாம்" என்றார்.

அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கிறது, இரண்டு முடிச்சு போட்டது. உள்ளே மதூஷ் இந்த வாரம் முழுக்கக் கன்னத்தில் வைத்திருந்த துணி. கழுவவில்லை. 11ஆம் தேதி போகும்போது எடுத்துக்கொள். அங்கே, உன் அறைக்கு வெளியே அது வரக் கூடாது.

காப்பகம் 7ஆம் தேதி திறக்கிறது.

யார்மிலா


கிராபென்பாக்
28 டிசம்பர் 2018
ரொட்டிப் பெட்டிக்குள்

யார்மிலா அக்கா,

பெரியவர் நலம். 36.5. இரண்டு வாரமும் ஒரு தும்மல்கூட இல்லை. இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை, டாக்டர் வியாழக்கிழமை வந்து நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் கொடுத்த மஞ்சள் டப்பாவை நான் சட்டையில் குத்தியிருந்ததைப் பார்த்துத் தனக்கும் கேட்டார். "எனக்கு மட்டும் ஏன் மெடல் இல்ல?" என்றார். ஊரில் சாக்லேட் முட்டை வாங்கி வந்து செய்து கொடுத்தேன். வால்ட்ராட் கிறிஸ்துமஸுக்கு வந்து கட்டிப்பிடித்துவிட்டு, "அப்பா ஏன் சாலட் மாதிரி மணக்கறார்?" என்று கேட்டார். விளக்கினேன். முகம் சுளித்தார். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் மாலை அவர் நெற்றியில் நானும் தேன் சிலுவை போட்டேன். வேறு யாருக்குப் போடுவது? இது என்ன என்று கேட்டார். வருடம் முழுக்க எல்லோருக்கும் உங்கள்மேல் பிரியமாக இருக்கும் என்றேன். "அப்போ உனக்கு யார் போட்டா?" என்றார். மாடிக்குப் போய்விட்டேன்.

ரஸ்தோ போட்டோ அனுப்பியிருந்தான். உங்கள் மடியில் மதூஷ், நெற்றியெல்லாம் பிசுபிசு. அக்கா, நன்றி என்று எழுதினால் நீங்கள் அடுத்த கடிதத்தில் திட்டுவீர்கள். அதனால் எழுதவில்லை.

பல்செட் இந்த முறை சர்க்கரை டப்பாவில் இல்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிமோனா


கிராபென்பாக்
11 சனவரி 2019
ரொட்டிப் பெட்டிக்குள்

சிமோனா,

நீ வேலையில் இருக்கிறாய். நானும் இருக்கிறேன். சொன்னது வால்ட்ராட், ஞாயிறு மதியம், இதே மேஜையில், இரண்டாவது காபிக்குப் பிறகு. அவர் வார்த்தை: "ஒருத்தியை மாத்தினா ரெண்டு பேரும் போயிடுவீங்க போலிருக்கே. புதுசா வரவளுக்கும் வீட்டுல ஒரு குழந்தை இருக்கத்தான் செய்யும்." சளியோடு வருகிறவள் யாராக இருந்தாலும் முதல் மூன்று நாள் முகமூடி. பெரியவருக்கு மறுபடி நுரையீரலில் கரகரப்பு வந்தால் திரும்பப் பேச வேண்டும் என்றார். அது நியாயம்.

என் சளி அவருக்கு வந்தது. இரண்டு நாள் தும்மினார். காய்ச்சல் 37.4க்கு மேல் போகவில்லை. நான் அந்த இரண்டு நாளும் உட்காரவே இல்லை. நீ நவம்பரில் ஜன்னல் துடைத்தாயே, நான் அடுப்பைக் கழற்றித் துடைத்தேன். இப்போது நலம். பல்செட் கிடைத்துவிட்டது: மஞ்சள் டப்பா பக்கத்தில், தலையணைக்குக் கீழே.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். தும்மல் இருந்த நாட்களில் அவர் தாடைக்குக் கீழே கையை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "பாப்பாவோட துணி எங்க?" என்றார். மேஜை விரிப்பைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார். உன் பழைய துணியை, நான் கழுவியதை, கொடுத்தேன். அதையும் போட்டுவிட்டார். "இதுல யாருமே இல்ல" என்றார்.

இன்று நீ அந்தப் பையோடு வருவாய். உன் அறைக்கு வெளியே வரக் கூடாது என்று நான்தான் எழுதினேன். அதை மாற்றி எழுதவில்லை. ஆனால் கதவைப் பூட்டிக்கொள் என்றும் எழுதவில்லை. இங்கே இருக்கப் போகிறவள் நீ.

மதூஷுக்கு வியாழக்கிழமை, 17ஆம் தேதி, காது பரிசோதனை. ஓட்டை மூடியிருக்கிறதா என்று அன்றுதான் தெரியும். நான் கூட்டிப் போகிறேன். மாலை ஏழு மணிக்கு போன் செய். கத்த மாட்டேன்.

யார்மிலா